முப்பதில் வந்த வண்டி

மேட்டுப்பாளையத்தில் பிரேக் வேலை மட்டும் பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே இன்ஜினைத் தொட மாட்டார்கள், பெயின்ட் அடிக்க மாட்டார்கள். நடத்தியவர் ஜெசிந்தா. வயது நாற்பத்து நான்கு. மலையிறங்கி வரும் லாரிக்காரர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்த அர்த்தநாரிக்கு வயது அறுபத்திரண்டு. நூற்பாலையில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை. ஆனால் கார் பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் நாள் தன்னுடைய பழைய வெள்ளைக் காரிலேயே வந்தார். தொண்ணூற்று மூன்றாம் வருடத்து வண்டி.

"இதுக்கு ஏபிஎஸ் பிரேக் போடணும் மாஸ்டர்."

"இதுக்கா?"

"ஆமாங்க. இதுக்குத்தான்."

"புது வண்டி ஒண்ணு வாங்கிட்டா அதுலயே வருமேங்கண்ணா."

"எனக்கு இந்த வண்டியில வேணுங்க."

மாஸ்டர் ஏனென்று கேட்கவில்லை. ஜாக்கி வைத்து நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். டிரம்முக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"பிரேக் ஷூ அருமையாப் போட்டிருக்காங்க. நாலும் ஒரே மாதிரி தேஞ்சிருக்குது. யாரோட வேலை?"

"யாரோ ஒருத்தர்."

பிறகு அர்த்தநாரி தானாகவே சொன்னார். பதினான்கு மாதம் முன்பு கோத்தகிரி மலையிறங்கி வரும்போது தூறல். ஒரு வளைவு திரும்பினால், காய்கறி லாரி ஒன்று பழுதாகி நடு ரோட்டில் நிற்கிறது. எதிரே பஸ் ஏறி வருகிறது. ஒதுங்க இடமில்லை. பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கிக்கொண்டே போய் லாரியின் பின்னால் இடித்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தெய்வானைக்கு இடது முழங்கை நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்தார்கள். இப்போதும் அந்தக் கையால் ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்க முடியாது.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"முப்பதுதானுங்க."

முப்பது என்றுதான் போலீஸிலும் சொன்னார், ஆஸ்பத்திரியிலும் சொன்னார், மகளிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிப்போயிருந்தது.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த ஷூவைப் போட்டது தெய்வானையின் தம்பி குழந்தைவேல். விபத்துக்கு எட்டு நாள் முன்புதான் சிறுமுகையில் தன் ஷெட்டில் வைத்து மாற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது, அர்த்தநாரி அவரைப் பார்த்துச் சொன்னார்: "நீ போட்ட பிரேக் பிடிக்கலை."

குழந்தைவேல் படியிறங்கிப் போனார். அன்றைக்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வரவில்லை. பிரேக் வேலை என்று யார் வந்தாலும் வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார் என்று கேள்வி.

"இந்த ஏபிஎஸ் இருந்திருந்தா, அன்னைக்கு வண்டி நின்னிருக்குமா மாஸ்டர்?" என்று கேட்டார் அர்த்தநாரி.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டுப் பார்க்கலாம்ங்கண்ணா."

அந்த வேலை ஐந்து மாதம் இழுத்தது.

முதல் ஒரு மாதம் மாஸ்டர் அவரை அந்தக் கார் பக்கமே விடவில்லை. லாரிகளுக்கு ஷூ மாற்றவும், பிரேக் ஆயில் பைப்பில் சிக்கிய காற்றை எடுக்கவும் பழக்கினார். இரண்டாம் மாதம், கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, ஏறக்குறைய அதே எடையுள்ள ஒரு வண்டியின் ஏபிஎஸ் பெட்டியை அர்த்தநாரி கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சக்கரம் சுற்றும் வேகத்தைச் சொல்ல நான்கு சென்சார். அது படிக்க, பல் வைத்த வளையம் நான்கு. வளையம் இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. லேத்தில் கொடுத்து இரண்டு முறை கடைந்தார்கள். மூன்றாவது முறைதான் உட்கார்ந்தது.

"இது என்ன பண்ணும் மாஸ்டர்? சுருக்கமாச் சொல்லுங்க."

"மிதிச்சா வீல் சுத்தறது நின்னு போகுதுல்லங்கண்ணா, அப்புறம் ஸ்டியரிங் நம்ம பேச்சைக் கேட்காது. வீல் நிக்கப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே இது கொஞ்சம் விட்டுட்டுத் திரும்பப் பிடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்கும். அவ்வளவுதான்."

"அப்ப வீல் நின்னு போறது?"

"பிரேக் நல்லாப் பிடிச்சா நிக்கும்."

அர்த்தநாரி குனிந்து, டிரம்முக்குள் இருந்த பழைய ஷூவை விரலால் தடவிப் பார்த்தார்.

பெட்டியைப் பொருத்தி, வயர் இழுத்து, எல்லாம் சரி என்று டேஷ்போர்டு விளக்கு எரிந்து அணைந்த நாளில் அவர் சின்னப் பையனைப் போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் காலை மாஸ்டர் அவரைக் காரமடை ரோட்டில் மூடிக்கிடக்கும் ஒரு ஆலையின் சிமென்ட் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். வாட்ச்மேனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தரையை நனைத்தார்கள். ஒரு ஓரமாகப் பழைய டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கினார் மாஸ்டர்.

"இது லாரி."

பக்கத்தில் இன்னொரு வரிசை.

"இது பஸ்."

அன்றைக்கு லாரி தெரிந்த தூரமென்று அர்த்தநாரி சொன்ன கணக்கில் பதினைந்து தப்படி எண்ணி நடந்து வந்து தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுல மிதிக்கணும். முதல்ல ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிடறேன். பழைய பிரேக் எப்படின்னு பார்ப்போம். முப்பதுலயே வாங்க."

அர்த்தநாரி முப்பதில் வந்தார். கோட்டில் மிதித்தார். சக்கரம் நின்று, வண்டி கொஞ்சம் வழுக்கி, டயர்களுக்கு மூன்று தப்படி முன்னால் நின்றது.

இறங்கிப் பார்த்தார். மறுபடி ஏறினார். மறுபடி முப்பது. அதே இடத்தில் நின்றது.

"இது பழைய பிரேக்குத்தானுங்களே?"

"அதேதான். ஷூகூட மாத்தலை."

மூன்றாவது முறையும் நின்றது.

"மலை ரோடு சரிவா இருக்குமுங்க மாஸ்டர்."

"இருக்கும்தான். சரிவுக்கு ஒரு தப்படி, ஒன்றரைத் தப்படி சேர்த்துக்குங்க."

அர்த்தநாரி டயர்களுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் ஃபியூஸைத் திரும்பப் போட்டார்.

"இப்ப ஏபிஎஸ்ஸோட வாங்க."

முப்பதில் வந்து மிதித்தார். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. வண்டி நின்றது. முன்பைவிட ஒரு தப்படி முன்னதாக.

"இதுலயும் நிக்குது. அதுலயும் நிக்குது."

"ஆமாங்கண்ணா."

"அப்புறம் அன்னைக்கு ஏன் நிக்கலை?"

மாஸ்டர் ஃபியூஸ் பெட்டியை மூடினார். வாட்ச்மேன் கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டி, கேட் பக்கமாக நடந்து போய்விட்டார்.

அர்த்தநாரி தனியாக வண்டியில் உட்கார்ந்திருந்தார். தரையில் தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. வைப்பரைப் போட்டார், அணைத்தார். பிறகு ரிவர்ஸ் எடுத்தார். வழக்கமாகப் புறப்படும் இடத்தையும் தாண்டி, சுற்றுச்சுவர் முட்டும் வரை பின்னால் போனார்.

மைதானம் முழுக்க இன்ஜின் சத்தம் கேட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தபோது அர்த்தநாரி கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கோட்டில் மிதித்தார். பெடல் கால் கூசும்படி அதிர்ந்தது. சக்கரம் நிற்கவில்லை, வழுக்கவில்லை. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனாலும் வண்டி நேராகப் போய் லாரி என்று அடுக்கியிருந்த டயர்களில் மோதியது. இரண்டு டயர் பானெட் மேல் உருண்டு விழுந்தன. ஒன்று, பக்கத்து சீட்டின் கதவை இடித்துக்கொண்டு ஓடியது.

அர்த்தநாரி கதவைத் திறந்து இறங்கவில்லை. பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் வந்து ஜன்னலருகே நின்றார்.

"அடி ஏதும் படலையேங்கண்ணா?"

"இல்லைங்க." வேக மீட்டரைத் தொட்டுக் காட்டிச் சொன்னார், "அம்பத்தஞ்சு."

மாஸ்டர் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

"அன்னைக்கும் அம்பத்தஞ்சுதானுங்க. மெதுவாப் போங்கன்னு தெய்வானை ரெண்டு தடவை சொன்னா. வாயை மூடிட்டு வான்னேன். மூணாவது தடவை அவ சொல்லலை. லாரியைப் பார்த்தப்பகூட ஒண்ணும் சொல்லலை. கதவைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா."

"ம்."

"பத்தொம்பது மாசமா, வீட்டுலயும் அவ அதைச் சொல்லலைங்க. ஆஸ்பத்திரியில, எல்லாம் அவ தம்பியாலதான்னு நான் அத்தனை பேர் முன்னால சொன்னேன். பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தா. காதுல விழுந்திருக்கும். அப்பவும் சொல்லலை."

அவர் குரல் உடையவில்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு எண்ணைச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"அந்த ஷூ யார் போட்டதுன்னு முதல் நாள் கேட்டீங்களே மாஸ்டர். என் மச்சினன் குழந்தைவேல். சிறுமுகையில ஷெட்டு வச்சிருக்கான்."

"நல்ல கைங்கண்ணா."

இருவருமாக டயர்களைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினார்கள்.

பட்டறைக்குத் திரும்பியதும் அர்த்தநாரி கேட்டார். "இந்தப் பெட்டி வண்டியில இருக்கட்டுங்களா?"

"வேண்டாம்ங்கண்ணா. அது வேற வண்டிக்குப் பழகினது. நம்ம அளவுக்கு அதைத் திருத்த எனக்கும் தெரியாது. மைதானத்துக்குச் சரி, மலைக்கு நான் அனுப்ப மாட்டேன்."

ஐந்து மாதம் போட்டதைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. அர்த்தநாரியே கழற்றினார். பெட்டியை எடுத்தார், வளையங்களை எடுத்தார், பழைய பைப்புகளைப் பழைய இடத்தில் கட்டினார். ஷூக்களைத் துடைத்து அதே வரிசையில் திரும்ப மாட்டினார். பிரேக் ஆயிலை மாற்றி நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்தார். மாஸ்டர் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஜாக்கியை இறக்கினார்கள். அர்த்தநாரி ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கையைக் கழுவினார். சாவியை எடுத்துக்கொண்டவர், வாசலில் நின்று திரும்பினார்.

"அவ்வளவுதானுங்களா மாஸ்டர்? வேலை முடிஞ்சுதுங்களா?"

ஜெசிந்தா அடுத்த லாரியின் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி வேலை முடிஞ்சுதுங்கண்ணா."