பத்து நிமிட முதலாளி

கல்லுமடையில் ஒரு நூல் மில் இருந்தது. வேறு தொழில் கிடையாது. முந்நூறு பேர், மூன்று ஷிப்ட், ஒரு சங்கு. சங்கு ஊதினால் எழுவார்கள். ஊதினால் சாப்பிடுவார்கள். ஊதாத அன்று, தங்களுக்குப் பசிக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டு வருவார்கள்.

மில்லுக்குள் ஒரு பலகை தொங்கியது. ‘மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது.’ மற்ற ஊர்க்காரன் என்றால் படித்துவிட்டு மறந்துபோவான். இவர்கள் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

ஒரு நாள் மதியம் மூன்றரை மணிக்கு, ஷிப்ட் மாறுகிற நேரம், மில்லை மூடினார்கள். முதல் ஷிப்ட் ஆட்கள், மாற்று ஆள் வந்ததும் வீட்டுக்குப் போனார்கள். வந்தவர்கள் மிஷின் ஓடாததைப் பார்த்து, ‘ஆரம்பிக்காத வேலைக்கு எதற்கு ஆள்’ என்று அவர்களும் போனார்கள். ஒருவன் மட்டும் நின்றான். பதினாலாம் நம்பர் மிஷின் ஆறுச்சாமி.

அவனுக்கு மாற்று ஆள் அவன் பெண்டாட்டி மயிலாத்தாள். ஆறுச்சாமி வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பொறுப்பேற்காமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. அவள் வந்து மிஷினைப் பொறுப்பேற்காமல் அவன் மில்லை விட்டுக் கிளம்ப முடியாது. அதுவரை எப்படி நடந்தது என்றால், நடுவில் பத்து நிமிடம் மேஸ்திரி வந்து நிற்பார். மூடிய அன்றைக்கு மேஸ்திரி முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பதினொரு மாதம் இப்படியே போயிற்று. ஆறுச்சாமி ஓடாத மிஷினுக்குப் பக்கத்தில் நின்றான். மயிலாத்தாள் வீட்டில் நின்றாள். அவள் ஆக்குகிற சோற்றை ஊர்க்காரர்கள் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

“நம்மள்ல யாராச்சும் பத்து நிமிசம் போயி நின்னா என்ன?” என்று ராக்கியப்பன் ஒரு தடவை கேட்டான்.

“உனக்கு வேலை இருக்குதா?” என்றான் நஞ்சப்பன். முதல் ஷிப்டுக்குத் தலைவன் அவன்தான்.

“இல்லீங்க.”

“வேலை இல்லாதவன் மாற்று ஆள் ஆவானா? முதலாளி வெச்சாத்தான் வேலைக்காரன்.”

ராக்கியப்பன் யோசித்தான். சரியாகத்தான் இருந்தது. ஆக, ஊருக்கு ஒரு முதலாளி வேண்டும். முந்நூறு பேருக்கு வேலை கிடைக்கும் என்பது அப்புறம். முதலில் ஆறுச்சாமி வீடு வந்து சேர வேண்டும்.

வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தொழில் கொண்டுவருவது பற்றி மூன்று யோசனை சொன்னார். “ஒரே தொழிலை நம்பி இருக்காதீர்கள். வருகிற முதலாளியைத் தனியாக விடாதீர்கள். மில்லில் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தீர்களோ, அவரிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். போயிருக்கக் கூடாது.

ஊர்க்காரர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். அது மயிலாத்தாள் வீட்டு வாசலில் கூடியது. அவள் வெளியே வர முடியாதல்லவா, அடுப்படி ஜன்னல் வழியாகப் பேசினாள்.

“ஒரே தொழில் கூடாதுன்னா எத்தனை வேணும்?” என்றான் ராக்கியப்பன்.

“ஒண்ணுக்கு மேல,” என்றான் நஞ்சப்பன்.

“அப்ப ரெண்டு.”

“ரெண்டு போதும். மூணுன்னா குழம்பிப்போயிரும்,” என்றாள் மயிலாத்தாள்.

மில் டோக்கன் நம்பர்படி பிரித்தார்கள். ஒற்றைப்படை சவரக் கடை, இரட்டைப்படை டீக்கடை. ஒரே வாரத்தில் நூற்றைம்பது சவரக் கடை, நூற்றைம்பது டீக்கடை. டீக்கடைக்காரர்கள் சவரம் செய்துகொள்ளப் போனார்கள். அந்த நேரம் சவரக் கடைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். எந்தக் கடையிலும் ஆள் இல்லை. எல்லாரும் வெளியே போகிற அளவுக்கு வியாபாரம் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது கடிதம். முதல் ஷிப்ட் கூடி ஒரு பிஸ்கட் கம்பெனி முதலாளிக்கு எழுதியது. இரண்டாவது ஷிப்ட் கூடியபோது, “காலைல ஏற்கனவே எழுதிட்டாங்களே,” என்றான் ராக்கியப்பன்.

“அது அவங்க உற்பத்தி. நம்முது எங்க?” என்றாள் மயிலாத்தாள். ஒரு குடைக் கம்பெனிக்கு எழுதினார்கள். வரச்சொன்ன தேதி மட்டும் அதே தேதி.

மூன்றாவது ஷிப்ட் தூங்கியது.

பிஸ்கட்காரர் பதினொரு மணிக்கு வந்தார். தனியாக விடக் கூடாதே, நூறு பேர் கூடவே நடந்தார்கள். அவர் நின்றால் நின்றார்கள். கக்கூஸுக்குப் போனார். நஞ்சப்பன் மட்டும் உள்ளே வரை போனான், மற்றவர்களுக்கு இடம் போதவில்லை.

“ஊர்ல தண்ணி வசதி எப்படி?” என்று அங்கிருந்தே கேட்டார் அவர்.

“இருங்க, மோந்து தர்றேனுங்க.”

மூன்று மணிக்கு அவருக்குச் சவரம் செய்துகொள்ளத் தோன்றியது. அத்தனை கடையைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும். நஞ்சப்பன் டோக்கன் ஒற்றைப்படை. உட்கார வைத்து, சோப்புப் போட்டு, வலது கன்னத்தை நிதானமாக முடித்தான். அப்போது தண்ணித் தொட்டி மேலிருந்து “ஊ...” என்று சத்தம் வந்தது. மில் சங்கு நின்றபிறகு ராக்கியப்பன்தான் மேலே ஏறி ஊதுகிறான், வாயால்.

நஞ்சப்பன் கத்தியைக் கீழே வைத்தான்.

“என்னய்யா, இன்னொரு கன்னம்?”

“ரெண்டாவது ஷிப்டுங்க. மாற்று ஆள் இப்ப வந்துருவாப்ல.”

மாற்று ஆள் வந்தான். டோக்கன் இரட்டைப்படை. ஒரு டீ கொடுத்தான்.

பிஸ்கட்காரர் எழுந்தார். “நான் கிளம்பறேன்.”

“கிளம்புங்க. உங்க மாற்று ஆள் எங்கீங்க?” என்றான் நஞ்சப்பன்.

“எனக்கு எதுக்குய்யா மாற்று ஆள்?”

“பின்ன, எடத்தை அப்படியே போட்டுட்டுப் போவீங்களா? உங்க கம்பெனில இப்படித்தானுங்களா?”

நூறு பேரும் அவரை வருத்தமாகப் பார்த்தார்கள். முறைக்கவில்லை. வருத்தம்தான். அவரால் நகர முடியவில்லை.

அந்த நேரம் குடைக்காரருடைய கார் வந்து நின்றது. பிஸ்கட்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். ஒப்படைப்பு முடிந்தது. ஒரு கன்னத்தில் சோப்போடு தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

“அவர் ஏன் ஓடறாரு?” என்றார் குடைக்காரர்.

“ஷிப்ட் முடிஞ்சுதுங்க.”

குடைக்காரர் தலையாட்டினார். நேரம் தவறாத ஊர் என்று நினைத்திருப்பார். மில் கட்டடத்தைப் பார்க்கணும் என்றார். அழைத்துப் போனார்கள்.

உள்ளே ஒட்டடை. ஒட்டடைக்கு நடுவே ஆறுச்சாமி.

“நீங்க யாருங்க?” என்றான்.

“முதலாளி. குடைக் கம்பெனி.”

“வேலைல இருக்கறவருங்களா?”

“முப்பது வருசமா இருக்கேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல.”

“ஒரு பத்து நிமிசம் இங்க நிக்கறீங்களா?”

நல்ல மனிதர். நின்றார். ஆறுச்சாமி மிஷினைத் துடைத்தான், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டான். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக நடந்தான். கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

ஊரே பின்னால் போனது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மயிலாத்தாள் நிலைப்படிக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. புருசனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எளச்சுப் போயிட்டீங்க.”

“நீயுந்தான். யாரு நிக்கறாங்கன்னு தெரியுமா? முதலாளியே நிக்கறாரு, அம்மிணி.”

“முதலாளியே நிக்கறாருன்னா, மில்லு ஓடுதுன்னு அர்த்தம்.”

“ஆமா.”

“அப்ப நான் வேலைல இருக்கறவ.”

“ஆமா.”

“எனக்கு ரெண்டாவது ஷிப்டு.”

ஆறுச்சாமி தூக்குப்போசியைக் கீழே வைத்தான். பிறகு மயிலாத்தாள் கரண்டியை அவன் கையில் கொடுத்தாள்.

“பருப்பு வெந்துட்டு இருக்குது. உப்புப் போடல.”

“சாப்பிட்டயா?”

“வந்து சாப்பிடறேன்.”

நடையைக் கட்டினாள். சரியாகப் பத்தாவது நிமிடம் பதினாலாம் நம்பருக்குப் போய்ச் சேர்ந்தாள். குடைக்காரரிடமிருந்து மிஷினைப் பொறுப்பேற்றாள். அவர் காரில் ஏறிப் போனார். மேஸ்திரி என்று யாரையும் அவர் வைத்துவிட்டுப் போகவில்லை. கேட்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

இது நடந்து எட்டு மாதம். மயிலாத்தாள் மில்லில் நிற்கிறாள். கமிட்டி அதே வாசலில் கூடுகிறது. ஆறுச்சாமி ஜன்னல் வழியாகப் பேசுகிறான். சோறு கொஞ்சம் குழைந்திருக்கிறது என்று மில்லிலிருந்து புகார் வருகிறது.

போன வாரம் அதிகாரிக்கு ஒரு கடிதம் போட்டார்கள். ‘ஐயா, தாங்கள் சொன்னபடியே செய்ததில் ஊருக்கு இரண்டு முதலாளிகள் வந்தார்கள். பத்து நிமிடம் தொழில் நல்லபடியாக நடந்தது. இன்னொருவரை அனுப்பி உதவவும். அவரும் பத்து நிமிடம் இருந்தால் போதும்.’