ஜட்ஜுப் பிள்ளையின் பாஷை

தில்லைநாயகம் பிள்ளை வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா ஜட்ஜ். துரைமார் உட்காரும் நாற்காலியில் நம்மவர் ஒருவர் உட்காருவது அப்போது லேசுப்பட்ட காரியமா? முன்சீப்பாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏறினார். ராவ்பகதூர் பட்டமும் வாங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, ஒரு நாள் காலை அம்பாசமுத்திரம் ஆற்றங்கரை மடத்தில் வில்வண்டியை விட்டு இறங்கினார்.

மடத்தில் இருந்தவர் சுண்ணாம்புச் சாமி. முன்பு சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. எழுபதை நெருங்கும் ஜட்ஜ் அவர் காலில் விழுந்தார்.

"எனக்கு உபதேசம் வேணும் சாமி."

"எதுக்கு பிள்ளைவாள்?"

"வெட்கமா இருக்கு. சோறு இறங்க மாட்டேங்குது."

"தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டீங்களோ?"

"இல்லை. தீர்ப்பு சரிதான். மாடக்கண்ணுன்னு ஒருத்தன். ஒரு ஆளை வெட்டிட்டான். வெட்டினேன்னு அவனே ஒத்துக்கிட்டான். தூக்குன்னு எழுதினேன்."

"பிறகென்ன?"

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தாராம். கோர்ட்டில் அதுதான் வழக்கம். கூண்டில் நின்றவனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. துபாஷி அதைத் தமிழில் சொல்ல வாய் திறப்பதற்குள் மாடக்கண்ணு ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டானாம். "எசமான், நீங்க நம்ம பக்கத்து ஆளுன்னு சொன்னாக. எனக்கு உசிரு உண்டா, இல்லையா? உங்க வாயால சொல்லிருங்க."

"என்ன சொன்னீங்க?" என்றார் சாமி.

"அன்னிக்குக் கலெக்டர் துரை வந்து என் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். தமிழ் பேசினா மட்டமா நினைப்பாரோன்னு... துபாஷி பக்கம் திரும்பி, இவன் என்ன சொல்றான்னு இங்கிலீஷ்ல கேட்டேன்."

அடப் பாவி மனுஷா! சாகப் போகிறவன் முன்னால், பெற்ற தாய் பேசிய பாஷை தெரியாத மாதிரி நடித்திருக்கிறார்.

"துபாஷி கூசிப் போயிட்டான் சாமி. மாடக்கண்ணு என்னையே பார்த்தான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்காக அவன் வெட்கப்பட்டான்."



"அவன் பெண்டாட்டி இருக்காளா?"

"இருக்கா. பேச்சியம்மாள். அன்னிக்குக் கோர்ட்டுல வாசப்பக்கம் நின்னா. இப்போ இந்த ஊர்லதான் நெல் அவிச்சுப் பிழைக்கிறாளாம். விசாரிச்சுத்தான் வந்தேன்."

"அப்போ முதல்ல அவகிட்ட சொல்லுங்க. உபதேசம் பிறகு."

பிள்ளை கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"எழுதியே வச்சிருக்கேன் சாமி. நாலு பக்கம்."

"எந்தப் பாஷையில?"

"இங்கிலீஷ்லதான் வந்தது."

சாமி காகிதத்தை வாங்கவில்லை. சிரிக்கவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிள்ளை பின்னாலேயே போனார்.

நாலாவது தெருவில் ஒரு குடிசை. முற்றத்தில் பேச்சியம்மாள் அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள். பெரிய அண்டாவில் நெல் வெந்துகொண்டிருந்தது. வேலியருகே வந்ததும் பிள்ளையின் கால் நின்றுவிட்டது.

"சாமி, நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க. நான் கூடவே நிக்கேன். எனக்கு வாய் வராது."

சாமி படலைத் திறந்தார். சத்தம் கேட்டு அவள் எழுந்து கையைத் துடைத்தபடி வந்தாள். இருபது வருஷம் ஆகிவிட்டது, ஜட்ஜை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் தலைப்பாகையையும் கோட்டையும் பார்த்து மிரண்டு, சாமியிடம் கேட்டாள்.

"யாரு சாமி இவுக? என்ன வேணுமாம்?"

"எனக்கு இவுக பாஷை தெரியாது தாயி. நீயே கேளு."