படலம் கட்டிய லென்ஸ்

"சாமி, கேமராவை ரிப்பேருக்குக் குடுக்கவா, வேண்டாமா?"

ஆவுடையம்மாள் இதைக் கேட்டது மடத்துச் சமையல்கட்டில். மடத்தம்மா முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மடத்தம்மா வயதில் இவளுக்கு இளையவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, பிறகு காவி கட்டிக்கொண்டவர். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூடம், ஒரு அடுப்படி, சின்னதாக ஒரு அம்மன் சன்னிதி. பூஜை செய்வதும் அவர்தான், வாசல் கூட்டுவதும் அவர்தான். ஆவுடையம்மாள் அவரைச் சாமி என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

"கெட்டுப்போனா சரி பண்ண வேண்டியதுதானே. இதுக்கு ஒரு சாமியாரைத் தேடி வரணுமாக்கா?"

ஆவுடையம்மாள் எழுந்து போகவில்லை. தானும் ஒரு கை அரிசியை எடுத்துக் கல் பார்க்க ஆரம்பித்தாள்.

அவள் மகன் சங்கரபாண்டி குவைத்தில் ஏசி மெக்கானிக். கடைசியாக லீவில் வந்தபோது அம்மாவுக்குப் பெரிய போன் மாதிரி ஒரு டேப் வாங்கிக் கொடுத்து, கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ள அந்தக் கடையிலேயே சர்வீஸ் காண்ட்ராக்டும் போட்டுவிட்டுப் போனான். அடுத்த லீவு இந்தா வருது, அந்தா வருது என்று தள்ளிக்கொண்டே போகிறது. சாயங்காலமானால் டேப்பில் முகம் பார்த்துப் பேசுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் மிச்சம்.

அந்த டேப்பின் கேமராதான் கெட்டிருந்தது. லென்ஸுக்குள் ஈரம் இறங்கிப் படலம் கட்டிவிட்டது, துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும் என்று கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டான். காண்ட்ராக்ட் இருக்கிறவரைக்கும் செலவில்லை. அது இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. அப்புறம் கொண்டுவந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லியிருந்தான்.

கெட்டது இவள் பக்கத்துக் கேமரா. அதனால் மகன் முகம் இவளுக்குப் பளிச்சென்று தெரியும். இவள் முகம்தான் அவனுக்குப் புகைக்குள் இருப்பதுபோல் தெரியும்.

"ரிப்பேருக்குக் குடுத்தா ஒரு வாரம் டேப் இல்லாம இருக்கணுமே சாமி."

"போன்ல பேசுங்க."

"போன்ல முகம் தெரியாதே."

"அப்போ சீக்கிரம் குடுத்துச் சீக்கிரம் வாங்குங்க."

ஆவுடையம்மாள் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். அது கல் அல்ல, நல்ல அரிசி. மடத்தம்மா அதை எடுத்துத் திரும்ப முறத்தில் போட்டார்.

"நான் கேக்க வந்தது வேற, சாமி."

"நீங்க இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலையேக்கா."



பிறகு ஆவுடையம்மாள் மெல்ல மெல்லச் சொன்னாள். படலம் விழுவதற்கு முன்னால் மகன் போனை எதிலாவது சாத்தி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பானாம். வெங்காயம் நறுக்குவான், துணி மடிப்பான், கூட இருக்கிற பையனோடு ஏதோ பேசுவான். நடுவில் "சொல்லும்மா" என்பான். இவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காது, ஒரு தோள். பாதி நாள் மேலே சுற்றுகிற காற்றாடியிடம்தான் பேசிவிட்டுப் படுத்திருக்கிறாள்.

இப்போது அப்படி இல்லை.

அம்மா முகம் மங்கலாகத் தெரியப்போய், அவன் போனைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, புருவத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறான். டேப் முழுக்க அவன் முகம்தான். சின்ன வயதில் அம்மை போட்டபோது புருவத்துக்கு மேலே விழுந்த பள்ளம் தெரிகிறது. தாடியில் நரை எட்டிப் பார்ப்பது தெரிகிறது. கண் இமை ஒவ்வொன்றும் தெரிகிறது. மடியில் போட்டுப் பால் கொடுத்த நாளுக்கு அப்புறம் அவனை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"கண்ணாடியைத் தொட்டா அவன் கன்னத்துல விரல் பட்டுரும் போல இருக்கு, சாமி."

மடத்தம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"லென்ஸ் நல்லாயிட்டா அவன் மறுபடியும் போனைச் சாத்தி வச்சிட்டுப் போயிருவான்."

அதைச் சொன்னதும் ஆவுடையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடை பூட்டியிருக்கிறது என்று மகனிடம் பொய் சொல்லி வருவதையும் சொன்னாள். பொய் சொன்ன வாயோடு விளக்கேற்றத் தயக்கமாக இருக்கிறது என்றாள்.

"பையன் என்ன சொல்றான்?"

"அவனுக்கு தினமும் ஒரே பாட்டுதான். எம்மா, உன் மூக்குத்தி மட்டும்தான் மினுங்குது, முகம் தெரியமாட்டேங்குதேம்மாங்கான். வெளிச்சத்துக்கு வாம்மாங்கான். வாசல் முத்தத்துக்குப் போனா, இன்னும் கொஞ்சம் திரும்பும்மாங்கான்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை. அழுத கண்ணோடு சிரிப்பும் வந்தது.

மடத்தம்மா முறத்தைத் தட்டி எழுந்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில வாங்கக்கா. உள்ளே ஒரு கை வேணும்."

"அப்போ கேமரா?"

"குளிச்சிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் ஈரத்தலையோடு போய் நின்றாள். அலங்காரத்துக்காகச் சன்னிதியில் திரை போட்டிருந்தது. பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துத் தைத்த மெல்லிய திரை. மடத்தம்மா அவளைத் திரைக்குள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் நின்றதில்லை.

உள்ளே இருட்டு. தீபம் இன்னும் ஏற்றவில்லை. அவள் பூவை எடுத்துக் கொடுக்க, மடத்தம்மா அம்மனுக்குச் சாத்தினார். பச்சைப் பட்டு கட்டி, எலுமிச்சை மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்தாகிவிட்டது. பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடையம்மாள் திரைப்பக்கம் திரும்பினாள்.

வெளியே வாசலில் நல்ல வெயில். திரை வழியே அங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கு வெள்ளி இவர்களோடு நின்று கும்பிட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். முகங்களை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

மாவு மில் செல்லையா நின்றார். பூஜை நேரத்திலும் மில்லுக்குப் போன் போடுகிற மனுஷர். அவர் குதிகாலைத் தூக்கி நின்று, திரை விலகுமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்காரி என்று ஊரே சொல்கிற இசக்கித்தாய் வாயில் கை வைத்துப் பச்சைப்பிள்ளைபோல நின்றாள். என்ன அழகு என்று ஆவுடையம்மாளுக்குத் தோன்றியது. மனிதர்களுக்கு இப்படியும் முகம் இருக்கிறதா.

பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாப்பாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கண்ணில் புரை விழுந்தவள். திரையில் மூக்கு முட்டும்வரை வந்து நின்றாள். புருவத்தைச் சுருக்கினாள். இமை துடித்தது.

"இன்னைக்கு என்ன நிறம் கட்டியிருக்க தாயே," என்றாள். "முகம் தெரியமாட்டேங்குதே."

ஆவுடையம்மாள் ஒரு அடி பின்னால் வந்தாள்.

பாப்பாத்தி கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"சாமி, அலங்காரம் முடிஞ்சாச்சே," என்றாள் ஆவுடையம்மாள் அடங்கிய குரலில்.

மடத்தம்மா அசையவில்லை.

வெளியே செல்லையாவின் குதிகால் இறங்கியது. வலித்திருக்கும். மறுபடியும் தூக்கினார். பாப்பாத்தியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்தால் அந்த நேரம் திரை விலகிவிடுமோ என்று அவள் துடைக்கவும் இல்லை.

"சாமி, திரையை எடுங்க. பாவம், பாக்க முடியாம தவிக்கிறாக."

மடத்தம்மா இருட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குக்கா எடுக்கணும்? உங்களுக்கு எல்லா முகமும் கிட்டத்துல நல்லாத்தானே தெரியுது?"

 ஆவுடையம்மாள் திரைக்கயிற்றைத் தானே பிடித்து இழுத்தாள்.