ஒரு சில்லு குறைந்த சுவர்

அந்தக் காலத்தில், பல்லியும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டு வேலைவெட்டிக்குப் போய்வந்த நாட்களில், கடலோரத்து ஊர் ஒன்றில் நீளமான சுவர் ஒன்று இருந்தது. வீட்டையும் சேராமல் கோயிலையும் சேராமல் மணலில் தனியே நின்ற சுவர். ஊரில் யார் செத்தாலும், உடைத்த கொள்ளிக்குடத்தின் சில்லுகளைப் பொறுக்கி வந்து, சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, செத்தவரின் உருவத்தைச் சில்லு சில்லாகப் பதிப்பார்கள். பதித்துவிட்டால் செத்தவர் சுவருக்குள் அடங்கிவிடுவார், வீட்டுப் பக்கம் வரமாட்டார் என்று நம்பினார்கள்.

அந்த வேலையில் கைதேர்ந்தவள் உலகம்மை. அவளிடம்தான் பல்லி மூன்று வருஷமாகத் தொழில் கற்றது. முதல் வருஷம் முழுக்கச் சாந்து குழைத்தே கழிந்தது. பிறகு தட்டிப் பார்க்கப் பழக்கினாள். நன்றாகப் பிடித்த சில்லை விரலால் தட்டினால் 'டொக்' என்று அடங்கி ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் காலிப்பானை மாதிரி ஒலிக்கும். அதைக் கண்டுபிடிப்பதில் பல்லியின் காதுக்கு இணையில்லை. தலைக்கனமும் அதற்குக் கொஞ்சமும் குறைவில்லை.

ஒருநாள் இருளப்பன் என்கிற மீனவன் கடலோடு போனான். "இவன நீயே தனியா பதிச்சுப் பாருலே," என்றாள் உலகம்மை. "ஒண்ணு மட்டும் மறந்துராத. சில்லு பத்தலைன்னா பள்ளத்த அப்படியே விட்டுரு. வேற வீட்டுப் பானையில கை வைக்காத."

பல்லிக்குத் தரையில் கால் பாவவில்லை. காலையிலேயே ஆரம்பித்து, நெற்றி, மூக்கு, மீசை என்று அச்சு அசலாக இருளப்பனைக் கொண்டுவந்துவிட்டது. கடைசியில் கீழுதட்டில் ஒரே ஒரு சில்லு குறைந்தது. கட்டைவிரல் நகமளவு பள்ளம். அதோடு பார்த்தால் இருளப்பன் எதையோ கேட்க வாயைத் திறந்தவன் போல இருந்தான்.

தன் முதல் வேலை பொக்கை வாயோடு நிற்பதா? பல்லியால் பொறுக்க முடியவில்லை. அன்று காலையில்தான் உலகம்மையின் தண்ணீர்ப் பானை விரிந்து உடைந்துபோய், அதன் ஓடுகள் வேலிப் பக்கம் கிடந்தன. அதே செம்மண் நிறம். 'உடைந்த பானைதானே, யாருக்கு என்ன நஷ்டம்' என்று ஒரு சில்லை எடுத்து வந்து பதித்தது. தட்டிப் பார்த்தது. டொக். கச்சிதம்.

வெயில் சாயும் நேரத்தில் உலகம்மை வந்தாள். வேலையைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். பிறகு, "தொண்ட வறளுது, கொஞ்சம் தண்ணி குடுலே," என்றாள்.

பல்லி திடுக்கிட்டது. அவள் நின்றது அதன் பின்னால். குரல் வந்தது சுவரிலிருந்து.

திரும்பிப் பார்த்தது. எல்லாவற்றின் நிழலும் மணலில் நீண்டு கிடந்தது. உலகம்மையின் காலடியில் மட்டும் ஒன்றுமில்லை. சுவரில் இருளப்பனின் கீழுதடு ஈரமாக இருந்தது.

"யக்கா, ஒங்க நிழலக் காணுமே..."

உலகம்மை குனிந்து பார்த்தாள். விரலை மடக்கித் தன் நெஞ்சில் தட்டினாள். காலிப்பானை ஒலித்தது.

"யாரு வீட்டுச் சில்ல வச்சலே?" என்று உலகம்மையின் குரலில் சுவர் கேட்டது.

"ஒங்க தண்ணிப் பான... காலையில விரிஞ்சுதுல்லாக்கா, அது..." என்று பல்லி வேலிப் பக்கம் காட்டியது.

"அடப் பாவி! உசுரோட இருக்கவ வீட்டுச் சில்ல வச்சுட்டியே. நான் உள்ள போய்க்கிட்டு இருக்கேன். சாந்து இறுகுறதுக்குள்ள எடுத்துரு!"

பல்லி சுவரில் தாவி ஏறியது. சாந்து பாதி இறுகிவிட்டது. நகம் பெயரப் பெயரத் தோண்டியது. கீழே உலகம்மையின் கைகள் மண்பானை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. கடைசியில் சில்லு பெயர்ந்து மணலில் விழுந்தது. பல்லி இறங்கத் திரும்பியபோது, பள்ளத்துக்குள்ளிருந்து ஈரமான உதடுகள் அதன் வாலைக் கவ்விக்கொண்டன. சுவர் ஒரு உயிரை ருசி பார்த்துவிட்டது. வெறும் வாயோடு விடுமா? பல்லி தன் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தது. வால் அறுந்து உள்ளே போனது. உள்ளே அது வெகுநேரம் துடிப்பது வெளியே கேட்டது.

உலகம்மையின் நிழல் மணலில் மெல்லப் படர்ந்தது. அவள் பல்லியை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. உட்கார்ந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வந்துட்டேன்லே," என்றாள். இப்போது குரல் அவள் வாயிலிருந்துதான் வந்தது. "ஆனா முழுசா வந்தேனான்னு எனக்கே தெரியல. நீ தினமும் வந்து தட்டிக் கேளு. உள்ள ஆளு இருந்தா நான் திருப்பித் தட்டுதேன்."

பயத்தில் அன்றோடு பல்லிக்குப் பேச்சு நின்றுபோனது. மிஞ்சியது தட்டுகிற சத்தம் மட்டும்தான். நாள்தோறும் உலகம்மை வீட்டுச் சுவரில் ஏறி நாக்கால் 'டக், டக்' என்று கேட்கும். அவள் கைவேலையை வைத்துவிட்டுத் தரையில் விரலால் தட்டுவாள். அதைக் கேட்ட பிறகுதான் பல்லிக்கு மூச்சு வரும். சேதி ஊரெல்லாம் பரவியது. தங்கள் வீட்டில் உடைந்த பானையின் சில்லும் அந்தச் சுவருக்குப் போயிருக்குமோ என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் பல்லியைத் தங்கள் வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். பல்லியும் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஏறிக் கேட்கத் தொடங்கியது.

அன்று முதல்தான் ஆபத்தென்றால் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுகிறது. அன்று முதல்தான் அது சுவரிலிருந்து கேட்கும்போதெல்லாம், பேச்சைப் பாதியில் நிறுத்தி, நாமும் விரலால் தரையைத் தட்டி, உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்கிறோம்.