கசப்புக் கீரைக்கு எந்த ஒயின்?

எங்கள் யூத குரு ரபி அசரியாவிடம் சீடராகச் சேர்ந்தபோது எப்ராயீமுக்கு வயது ஐம்பத்தெட்டு. ரபிக்கு முப்பத்தாறு. முப்பது வருஷம் கப்பலில் பணக்காரர்களுக்கு ஒயின் ஊற்றிவிட்டு, இனிமேல் வேதம் படிப்போம் என்று எங்கள் கடலோர ஊருக்குத் திரும்பி வந்த மனிதர் அவர். நான் ஜெபாலயத்துச் சமையற்காரி. நடந்தது முழுக்க என் கண் முன்னால்தான் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஊரில் யூதக் குடும்பங்கள் மொத்தமே இருபது. பஸ்கா பண்டிகை அன்று பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஒரே மேஜையில் உட்காருவோம். எங்கள் முன்னோர்கள் எகிப்தில் அடிமையாகக் கிடந்ததையும் அங்கிருந்து விடுதலையாகிப் புறப்பட்டதையும் சொல்லுவோம். அந்த அடிமைக் கசப்பு மறக்காமல் இருக்க ஆளுக்குக் கொஞ்சம் கசப்புக் கீரையை மென்று தின்போம். ஆளுக்கு நான்கு கிண்ணம் ஒயின் கட்டாயம் உண்டு. அதற்காக வீட்டுக்கு ஒரு பாட்டில் வரும். வந்ததை எல்லாம் ஒரு புதுப் பானையில் கொட்டிக் கலந்து, அதிலிருந்துதான் ஊற்றுவோம். யார் வீட்டு ஒயின் யார் கிண்ணத்தில் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. இது எங்கள் ஊர் வழக்கம்.

எப்ராயீம் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொட்டிக் கலக்கறதா? இதைவிடப் பாவம் உண்டா?"

அந்த வருஷம் ஒயின் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பெரிய தாளில் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார். மீன் குழம்புக்கு வெள்ளை ஒயின். ஆட்டுக்கறிக்கு நல்ல சிவப்பு. பேரீச்சம்பழப் பாகுக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர். அதோடு விட்டாரா? எங்கள் புத்தாண்டில் தேன் தொட்டுத் தின்னும் ஆப்பிளுக்கு எது, விளக்குத் திருநாளின் எண்ணெய்ப் பலகாரத்துக்கு எது என்று வருஷம் முழுவதற்கும் எழுதிவைத்தார். நல்ல உழைப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பஸ்கா அன்று மத்தியானம் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் திறந்து, முகர்ந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்து வரிசையாக அடுக்கினார்.

கடைசியாக சிப்போரா அக்கா வந்தாள். வலை பின்னிப் பிழைக்கிறவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவன் இல்லாமல் அவளுக்கு அது முதல் பஸ்கா. உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு வடித்த ஒயினை ஒரு பழைய பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். வருஷா வருஷம் அவர்கள் இரண்டு பேருமாகச் செய்கிற ஒயின் அது.

எப்ராயீம் ஒரு வாய் குடித்தார். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்பினார். பத்துப் பேர் பார்க்கத் துப்பினார்.

"இது எந்தச் சாப்பாட்டுக்கும் சேராதும்மா. வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க."

அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பாட்டிலை மூடி, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். என் கையில் கரண்டி இருந்தது. கர்த்தர்தான் என்னைத் தடுத்தார்.

சாயங்காலம் ரபி வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எப்ராயீம் ஓடி வந்தார்.

"ரபி, எல்லாத்துக்கும் ஜோடி கண்டுபிடிச்சுட்டேன். கசப்புக் கீரைக்கு மட்டும் ஒண்ணும் ஒத்துவரல. எந்த ஒயினைக் குடிச்சாலும் அந்தக் கசப்பு கெடுத்துடுது. அதுக்கு எதைக் குடிக்கணும்?"

ரபி பாட்டில்களைப் பார்த்தார்.

"பத்தொன்பதுதான் இருக்கு. யார் வீட்டோடது வரல?"

"சிப்போராளோடது. ரொம்ப மட்டம், ரபி. திருப்பி அனுப்பிட்டேன்."

"துப்பினாரு!" என்று நான் கத்தினேன். "அக்கா முகத்துக்கு நேரே துப்பினாரு, ரபி!"

ரபியின் முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"முதல் கிண்ணம் குடிக்கும்போது மேஜையில என்ன சாப்பாடு?"

"சாப்பாடு இல்ல, ரபி. ஆசீர்வாதம் மட்டும்தான்."

"ரெண்டாவது?"

"கதையைச் சொல்லி முடிச்சதும். சாப்பாடு அப்பவும் வராது."

"மூணாவது?"

"சாப்பிட்டு நன்றி சொன்ன பிறகு."

"நாலாவது?"

"துதிப்பாட்டு முடிஞ்சு."

"அப்போ இந்தப் பட்டியல் எந்தக் கிண்ணத்துக்கு?"

எப்ராயீம் சுவரில் ஒட்டிய தாளைத் திரும்பிப் பார்த்தார்.

ரபி பானையை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து அதில் கவிழ்த்தார். வெள்ளை, சிவப்பு எல்லாம் ஒன்றாகப் போயின.

"ஐயோ ரபி, அது எட்டு வருஷப் பழசு!"

ரபி அதையும் கவிழ்த்தார். பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பானை நிறையல."

எப்ராயீமுக்கு அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள். "கசப்புக் கீரைக்கு நீங்க பதில் சொல்லலையே?" என்றார்.

ரபி நான் கழுவி வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பிடி கசப்புக் கீரையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதை எடுத்துட்டு அந்தம்மா வீட்டுக்குப் போங்க. அவங்க முன்னாடி நின்னு, மென்னு முழுங்குங்க."

"பொழுது சாயறதுக்கு முன்னாடி இதைத் தொடற வழக்கம் இல்லையே, ரபி."

"இன்னிக்கு உங்களுக்கு மட்டும் முன்னாடியே ஆரம்பிக்குது. முழுங்கினதும் அவங்க ஊத்திக் கொடுப்பாங்க இல்ல, அதுதான் இதுக்கு ஒயின்."

எப்ராயீம் கையிலிருந்த கீரையைப் பார்த்தார்.

"அவங்க ஊத்தலைன்னா?"

ரபி வாசல் கதவை அகலத் திறந்துவைத்தார்.

"கசப்போடயே அங்க நில்லுங்க. நாங்களும் இங்க கிண்ணத்தைத் தொடாம உட்கார்ந்திருப்போம். அந்தம்மா வந்து உட்கார்ற வரைக்கும் இந்த மேஜையில ஒருத்தனும் எகிப்தை விட்டுப் புறப்படப் போறதில்ல."