உறைக்கு எடுத்து வைத்த பட்டியல்

எங்கள் ஊர் ரத்ததானச் சங்கத்தில் தலைவர் அருணகிரி வைத்ததுதான் சட்டம். அறையைப் பெருக்கி, கொடையாளர் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவள் கோமதி.

ஒருநாள் வேலாயுதம் மூச்சிரைக்க ஓடிவந்தான். மனைவிக்குப் பிரசவம், ஓ நெகடிவ் ரத்தம் உடனே வேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆயிரத்து இருநூறு பெயரையும் காணோம்!

“இவதான் அழிச்சிருப்பா! பத்து நிமிஷத்துல பட்டியல் வரணும், இல்லேன்னா வேலை போச்சு” என்று எகிறினார் தலைவர்.

“வந்துடும் ஐயா. நேத்து எடுத்த நகலைப் போட்டுடுறேன். ஆனா, இன்னிக்கு யார் பேரையாவது எடுத்திருந்தா அதுவும் திரும்ப வந்துடுமே?”

“செத்துப்போன சிவனாண்டி பேரை மட்டும்தானே நான் எடுத்தேன்!” என்ற தலைவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு பெயரை எடுக்கப்போய் மொத்தத்தையும் துடைத்தது யாரென்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கோமதி சிரிக்கவில்லை. “பட்டியல் முழுக்க ஒரே ஃபைல்தான் ஐயா. உறைக்கு ஒரு கரண்டி தயிர் எடுத்து வைக்கிற மாதிரி, தினமும் பூட்டுறதுக்கு முன்னால பென் டிரைவ்ல எடுத்து வச்சிடுவேன்” என்று அதைச் செருகினாள். ஓ நெகடிவ் என்று தட்டியதும் மூன்று பெயர்கள் வந்து நின்றன.

தாயும் பிள்ளையும் சுகம் என்று சாயங்காலம் கற்கண்டோடு வந்த வேலாயுதம், தலைவரைக் கும்பிட்டான். அவர் அவன் தோளைப் பிடித்துக் கோமதி பக்கம் திருப்பிவிட்டார்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் தொடுமுன் தலைவர் தவறாமல் கேட்கிறார்: “அம்மா கோமதி, உறைக்கு எடுத்து வச்சாச்சா?”