போன தடம்

"அம்மா, ஒரு மனுஷன் செஞ்சது மறைஞ்சுபோக எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

உலகம்மை அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்.

"தட்டை எடுங்க அண்ணாச்சி. ஆறிப்போகும்" என்றார்.

உலகம்மைக்கு மடம் கிடையாது, பீடம் கிடையாது. ஒரு பழைய வேன், ஒரு கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு, சில தண்ணீர் கேன்கள். வழி கேட்டு வருகிறவர்களில் வருஷத்துக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் மேற்கே பாலைவனம் பாலைவனமாகப் போவார். அரசாங்கம் வேலி கட்டாமல் காவல் காக்கிற இடங்கள் அவை. தேசியப் பூங்கா என்று பெயர். கோமதிநாயகம் பார்த்தவரை பூவையும் காணோம், காவையும் காணோம்.

அந்த வருஷம் வாய்த்தவர் அவர்தான். சங்கரன்கோவிலில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகம்மையைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆயுசெல்லாம் கேள்வி கேட்டே பழகிய மனுஷன்; பதில் வரத் தாமதமானால் கை தானாகப் பிரம்பைத் தேடும். இங்கே பிரம்பும் இல்லை, பதிலும் இல்லை.

மணல்மேடுகளில் வைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்.

"கூடார ஆணியை ஆழமா அடிங்க. காத்து வரும்" என்றார் உலகம்மை.

உப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வெளியில் வைத்துக் கேட்டார்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றார் உலகம்மை.

இப்போது சிவப்புப் பாறைகளின் நாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோமதிநாயகம் தட்டைக் கையில் வாங்கவில்லை.

"நான் இம்புட்டு தூரம் உப்புமா திங்க வரல."

உலகம்மை அடுப்பை அணைத்தார். "சொல்லுங்க."

"எனக்கு ஒரே மக. செண்பகம். எனக்குப் பிடிக்காத இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டா. தலைமுழுகிட்டேன்னு சொல்லி ஆத்துல போயி முங்கிட்டு வந்தேன். இந்த நாட்டுக்கு வந்துட்டா."

"ம்."

"பெறவு அவ அம்மா போயிட்டா. ஆவுடையம்மா. தகவல் கேட்டு இங்கேருந்து ஓடி வந்தா. நான் வாசக்கதவைச் சாத்திட்டேன். அவ உள்ள வந்தா பிணத்தை எடுக்க விடமாட்டேன்னுட்டேன்."

அவர் பாறைகளைப் பார்த்தபடி மேலே சொன்னார்.

"சித்திரை மாசம். சாவு வீடுன்னு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு தெருவுல நின்னா. ஒரு சொல்லு பேசல. கூட்டத்துக்குப் பின்னால நின்னு பாடையை மட்டும் பாத்தா. அம்மா முகத்தைப் பாக்கல."

உலகம்மை தட்டைக் கீழே வைத்தார்.

"நான் இப்ப அந்த ஆள் இல்லம்மா. பட்டுச்சேலை அனுப்பினேன், பிரிக்காம திரும்பி வந்துச்சு. மச்சினனைப் பேசச் சொன்னேன், போனை வச்சுட்டா. வீட்டை அவ பேருக்கு எழுதுதேன்னு சொல்லி விட்டேன். பேரன் பேருல கோயில்ல அன்னதானம் போட்டேன். எல்லா வழியும் பாத்தாச்சு. வருஷமும் ஓடிப்போச்சு. இன்னுமா அவளுக்கு ஆறல? அவ வீடு இங்கேருந்து ஒண்ணரை நாள் தூரம்தான். நீங்க ஒரு புது வழி சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்."

உலகம்மை தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி கம்மியா இருக்கு. சாப்பிட்டுட்டுத் தட்டைத் துணியால துடைச்சு வச்சிருங்க" என்றார்.

*

விடிந்தது. கோமதிநாயகத்துக்குக் கோபம் இன்னும் விடியவில்லை.

உலகம்மை கூடாரத்துக்குள் இருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கோமதிநாயகம் கிளம்பினார். தூரத்தில் தட்டையாக ஒரு பாறை தெரிந்தது. அதன்மேல் போய்த் தனியாக உட்கார வேண்டும், இந்த அம்மாளின் முகத்தில் கொஞ்ச நேரம் விழிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் எண்ணம்.

பாதையை விட்டு இறங்கினார். தரை கறுப்பாக, பொரிந்து பொரிந்து கிடந்தது. கால் வைத்தால் அப்பளம்போல நொறுங்கியது. அந்தச் சத்தம் அவர் கோபத்துக்கு இதமாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் வேண்டுமென்றே எட்டி உதைத்தார்.

பாதித் தூரம் போயிருப்பார்.

"அண்ணாச்சி, நில்லுங்க."

உலகம்மை குரல் உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பாதையின் ஓரத்தில் நின்றிருந்தார்.

"இந்தா வந்துட்டேன்" என்று கோமதிநாயகம் நேராக அவரைப் பார்த்துக் காலை எடுத்தார்.

"வேண்டாம். புதுசா ஒரு அடி வைக்காதீங்க."

"என்ன, பாம்பா?"

"இல்ல. மண்ணு."

"மண்ணுக்கு என்ன?"

"அது உயிருள்ள மண்ணு. கண்ணுக்குத் தெரியாத பாசி பின்னிப் பின்னி மணலைப் பிடிச்சு வச்சிருக்கு. அது இருக்கப் போயிதான் இங்க ஒண்ணு ரெண்டு செடியாவது நிக்குது. மிதிச்சா செத்துப்போகும்."

கோமதிநாயகம் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். கறுப்பு உடைந்து அடியிலிருந்து சிவப்பு மணல் தெரிந்தது.

"தெரியாம மிதிச்சுட்டேன்."

"சரி."

"திரும்ப வளந்திரும்லா?"

"வளரும். அதைப் பாக்க நீங்களும் நானும் இருக்க மாட்டோம்."

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கோமதிநாயகம் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றார்.

"அந்தப் பக்கமாச் சுத்தி வந்திரட்டுமா? அங்க தரை கெட்டியாத் தெரியுது."

"அங்கயும் இதே மண்ணுதான்."

"தாண்டித் தாண்டி வந்தா?"

"தாண்டி விழுற இடத்துல இன்னும் ஆழமாப் பதியும்."

"பெறவு எப்படித்தான் வர?"

"போன தடத்துலயே வாங்க."

*

சொல்வது எளிது. தடம் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது. செருப்பின் நுனி பதிந்த இடத்தில் குதிகாலை வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி, அளந்து, தடுமாறாமல் வைக்க வேண்டியிருந்தது.

போகும்போது அவர் தரையைப் பார்க்கவே இல்லை. இப்போது ஒரு தடத்தைக்கூடப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எட்டி உதைத்த இடம் வந்தது. ஒரு கையகல மண் பெயர்ந்து கவிழ்ந்து கிடந்தது. குனிந்து அதை எடுத்துப் பொருத்தப் பார்த்தார். விரலுக்குள் பொடிந்தது.

"விடுங்க அண்ணாச்சி. அதைச் சரி பண்ண முடியாது. தடத்தைப் பாத்து வாங்க."

அவருக்கு அழுகை வந்தது. மண்ணுக்காகவா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் நிலை தவறிவிடும் என்று அப்படியே வந்தார்.

பாதைக்குச் சற்று முன்னால் ஒரு தடத்தில் காலை வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அது சின்னதாக இருந்தது. ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது.

"இது நான் வச்சது இல்லையே."

"இல்ல. அது என்னோடது."

"எப்ப வச்சீங்க?"

"இந்த நாட்டுக்கு வந்த புதுசுல. கல்யாணம்கூட ஆகல அப்ப."

"இன்னுமா இருக்கு?"

"இருக்கு. வருஷா வருஷம் வந்து பாத்துட்டுப் போவேன்."

அவர் அந்தச் சின்னத் தடத்தை விலக்கி, தன்னுடையதைத் தேடி எடுத்து, அதில் காலை ஊன்றிப் பாதையில் ஏறினார். ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மை தண்ணீர் கொடுத்தார். குடித்தார்.

"அம்மா."

"ம்."

"வேனை அவ ஊருக்கு விடுங்க."

கூடாரத்தை இருவரும் சேர்ந்து சுருட்டினார்கள். ஆணிகளைப் பிடுங்கினார்கள். கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை.

*

அன்று முழுவதும் ஓட்டி, வழியில் ஓரிடத்தில் தங்கி, மறுநாள் நடுப்பகல் நெருங்கும்போது ஊர் எல்லையைத் தொட்டார்கள். பாலைவனம் முடியும் இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள் இருந்தன. முனையில் ஒரு பெரிய கடை.

"கொஞ்சம் நிறுத்துங்க. பேரனுக்கு ஏதாவது..." என்றார் கோமதிநாயகம்.

உலகம்மை வேனை ஓரம் கட்டினார்.

கோமதிநாயகம் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம். போலாம்."

முகவரி அவருக்கு மனப்பாடம். வேன் அந்த வீட்டுக்கு எதிரே போய் நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவில் ஆள் இல்லை, நிழலும் இல்லை. ஜன்னலில் திரை அசைந்து விலகியது. ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. உடனே திரை மூடிக்கொண்டது.



"பாத்துட்டா" என்றார் கோமதிநாயகம்.

"ஆமா."

"கதவைத் திறக்கலேன்னா?"

உலகம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அவ எம்புட்டு நேரம் நின்னா?"

கோமதிநாயகம் மூடிய கதவைப் பார்த்தார்.

"எடுக்குற வரைக்கும்."

உலகம்மை வேன் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கோமதிநாயகம் குனிந்து செருப்பைக் கழற்றினார். அதை வேனிலேயே விட்டுவிட்டு வெயிலில் இறங்கினார்.